தரையில் வாழும் மீன்



அயிரை மீனைக் குழம்பில்தான் பலருக்குத் தெரியும். அதைக் கண்ணாடித் தொட்டியிலும் வளர்க்கலாம். நம் ஆறு, குளங்களின் மீன்தான் அது. வண்ண மீன் வாங்கச் சென்னைக் கொளத்தூருக்குப் போகும் கூட்டம் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை!

அயிரை நீரின் அடித்தரையில் வாழும் மீன். அதனால் தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியது தரையை. அரிசியில் கல் பொறுக்கும் விரல்களைப்போல, அதன் மீசை மண்ணைத் துழாவிக்கொண்டே இருக்கும். பயந்தால் மண்ணுக்குள் புதைந்துவிடும். அழகுக்காகக் கூரான கல்லைப் பரப்பினால் மீசை கிழிந்துவிடும். நைசான ஆற்றுமணல் போடுங்கள். கலங்கல் போகும்வரை அலசிப் போடுங்கள்.

வடசென்னைக் கடலோரக் காலடிப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் பக்கத்தில்தானே என்று கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். அதில் உப்பும் உண்டு, கிளிஞ்சலும் உண்டு. இது நன்னீர் மீன்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து, ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். ஃபில்டரை ஓடவிட்டு, கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா வளரச் சில வாரம் பொறுங்கள். பிறகு மீனை விடுங்கள்.

ஒளிய ஒரு மண்சட்டித் துண்டு போதும். முனையை மட்டும் மழுக்கிவிடுங்கள். மேலே மூடி அவசியம், அயிரை துள்ளும். அடியில் மூழ்கும் தீனியாக, விளக்கணைத்த பிறகு கொஞ்சமாகப் போடுங்கள்.

மறந்துவிடாதீர்கள். மணல் முதலில், மீன் கடைசியில்.