ஒரு மருந்தின் பயனை அறிவது எவ்வாறு?

(வடக்கனந்தலில் ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



புதிய நெல் விதை ஒன்று வந்தால், ஒருவர் கண்ட மகசூலை மட்டும் கேட்டு நாம் விதைத்துவிடுவதில்லை. நஷ்டமடைந்தவரையும் தேடிச் சென்று விசாரிக்கிறோம். நன்றாக விளைந்தவர் தாமே வந்து சொல்லுவார். விளையாதவர் வாய் திறவார். குழந்தைகளின் உயிரைக் காக்கும் காரியத்திலும் இந்த நிதானமே வேண்டும்.

வைட்டமின் ஏ மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி மாவட்டக் கிராமங்களில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளைக் கொண்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் ஓர் ஆய்வு நடத்தினர். வாரந்தோறும் சிறிய அளவில் இம்மருந்தைப் பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கு மேல் குறைந்ததென 1990-இல் அவர்கள் அறிவித்தனர். அதே ஆண்டில் ஹைதராபாத் வட்டாரத்து ஆய்வொன்றும் வெளியாயிற்று. அங்கே ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெரிய அளவில் மருந்து கொடுத்தனர். மரணத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இவற்றுள் எதை நம்புவது?

இதற்கு விடை காணும் முறையே முறையான ஆய்வுத் தொகுப்பு. முதலில் கேள்வியைத் தெளிவாக வகுத்து எழுதிவைத்தல் வேண்டும். பின்னர் அக்கேள்வி குறித்து உலகெங்கும் நடந்த எல்லா ஆய்வுகளையும், வெளியிடப்படாதவற்றையும் கூடத் தேடுதல் வேண்டும். ஒவ்வொன்றின் தரத்தையும் இருவர் தனித்தனியே மதிப்பிட்ட பின்னரே முடிவுகளை ஒன்றுகூட்டலாம். 1993-இல் இங்கிலாந்தில் தோன்றிய காக்ரேன் அமைப்பு இப்பணியைச் செய்து வருகிறது. நமது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்கான பயிற்சி பலருக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.

2010-இல் வெளியான தொகுப்பு, வைட்டமின் ஏ மருந்தால் குழந்தை மரணம் 24 விழுக்காடு குறையும் என்றது. உத்தரப் பிரதேசத்தில் 72 வட்டாரங்களில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்த ஆய்வோ சிறிதளவு பயனையே கண்டது. 2004-இல் முடிந்த அவ்வாய்வின் முடிவு 2013-இல் தான் அச்சில் வந்தது. அதனையும் சேர்த்து, 2017-இல் 19 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது பயன் 12 விழுக்காடு என்றாயிற்று. முன்பு எண்ணியதைவிடக் குறைவுதான். எனினும் நூறு மரணங்களில் பன்னிரண்டைத் தடுப்பது சிறிய காரியமன்று.

ஆகவே, ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை, ஆறு மாதத்திற்கொருமுறை அளிக்கப்படும் இத்திரவம் கல்வராயன் மலையின் கடைசிக் குக்கிராமத்துக் குழந்தைக்கும் கிடைக்கிறதா என்று உறுப்பினர்கள் நேரில் பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றும் கூறுவேன். சத்துமாவு, சுத்திகரிப்புக் கருவி என்று எதையேனும் வாங்கும்படி எவரேனும் ஊராட்சியை அணுகினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எத்தனை இடங்களில் சோதிக்கப்பட்டது? பயன்படுத்தாதவரோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டதா? பலன் தராத இடங்கள் எவை? மூன்றாம் கேள்விக்கு விடை வராவிடின், ஊராட்சியின் பணத்தை அவசரப்பட்டுச் செலவிடாதீர்கள்.