ஒன்றும் எடுக்காதவன் திருடனா?

டார்னெய்ட்டிலிருந்து பேசுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேரலையில் இணைந்திருப்பவர்களுக்கு என் அன்பு. நான் வழக்கறிஞர் இல்லை, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரும் இல்லை. செவிலியர், தமிழில் கொஞ்சம் எழுதுகிறவள். இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது இதுதான்: ஆங்கிலச் சட்டத்தில் திருட்டு சார்ந்த குற்றங்களுக்கு இருக்கும் பெயர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பேச்சில் நமக்கு மூன்று சொற்கள் போதும். தமிழ்நாட்டில் திருட்டு, ஈழத்தில் களவு. பெரிய அளவில் போனால் இரண்டு பக்கமும் கொள்ளை. ஆளில்லாத வீட்டில் பூட்டை உடைத்து ஐம்பது பவுன் எடுத்துப் போனால் மறுநாள் நாளிதழில் ‘50 பவுன் நகை கொள்ளை’ என்று வரும். ஐந்நூறு ரூபாய் போனால் ‘திருட்டு’ என்று வரும். நம் பேச்சு, போன பொருளின் அளவைப் பார்த்துப் பெயர் வைக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எப்படி நடந்தது என்று பார்க்கிறது. ராபரி என்றால் ஆள்மீது பலம் காட்டியிருக்க வேண்டும், அல்லது அந்த இடத்திலேயே அடிவிழும் என்று பயமுறுத்தியிருக்க வேண்டும். ரயில் நிலையத்தில் ஒரு பையனை மிரட்டிப் பத்து டாலர் பிடுங்கினால் அது ராபரி. பூட்டிய வீட்டில் பத்து லட்சம் போனாலும் அது ராபரி ஆகாது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. விக்டோரியாவின் 1958-ஆம் ஆண்டுக் குற்றச் சட்டத்தில் தெஃப்ட் குற்றத்துக்கு அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, ராபரிக்கு 15, ஆயுதத்தோடு செய்தால் 25. நாம் எல்லாவற்றையும் ‘கொள்ளை’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் இந்தப் பதினைந்து வருட வித்தியாசம் மூட்டைக்குள்ளே தொலைந்துபோகும்.

நம்மிடம் சொல் இல்லை என்று நான் சொல்லவில்லை. வழியில் போகிறவரை மடக்கிப் பிடுங்குவது வழிப்பறி. சங்க இலக்கியம் அதை ஆறலைத்தல் என்கிறது. ஆறு என்றால் வழி. நம்பிக் கொடுத்த பணத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டால் கையாடல். கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினால் சங்கிலி பறிப்பு. 1860-இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பறிப்புக்கென்று தனிப் பிரிவே கிடையாது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான் 304-ஆம் பிரிவாக அதைச் சேர்த்தது. நம் தெருவும் நாளிதழும் அந்தச் சொல்லை அதற்கு வெகுகாலம் முன்பே வைத்திருந்தன. ஆங்கிலச் சட்டமும் நம் பக்கத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ராபரி செய்தால் டகாய்ட்டி என்கிறார்களே, அது இந்திய மொழிச் சொல். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு தனிக் குற்றம் இல்லாததால் சொல்லை இங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். தமிழில் அதைக் கூட்டுக்கொள்ளை என்கிறோம்.

ஒரே சொல் கடல் தாண்டினால் வேறு பொருளாகிவிடுவதும் உண்டு. மிரட்டிப் பணம் பறிப்பதை இலங்கைத் தமிழில் ‘கப்பம் கேட்டார்கள்’ என்பார்கள். தமிழ்நாட்டுக்காரருக்குக் கப்பம் என்றால் கட்டபொம்மன் கட்ட மறுத்த வரிதான் நினைவுக்கு வரும். அவருடைய ஊரில் ரவுடி கேட்பது மாமூல். இங்கே டார்னெய்ட்டில் இரண்டு ஊர்க்காரரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். ஆகவே மொழிபெயர்க்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதைக் கேட்கிறவர் எந்த ஊர்?

இனி பர்க்ளரிக்கு வருகிறேன். அகராதி பார்த்தால் கன்னமிடுதல், கன்னம் வைத்துத் திருடுதல் என்றெல்லாம் இருக்கும். மண்சுவரில் கன்னக்கோலால் துளைபோட்டு நுழைவது கன்னம். என்னைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. மலைப்பிரசங்கத்தில், பூமியிலே பொக்கிஷம் சேர்க்காதீர்கள் என்னும் இடத்தில், தமிழ் வேதாகமம் கன்னமிடுதலைத்தான் சொல்கிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கும் நேர்ப்பொருள் ‘தோண்டித் துளைப்பது’தான். பாலஸ்தீனத்திலும் மண்சுவர், நம் ஊரிலும் மண்சுவர். சொல் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதே வேதாகமத்தில் இன்னொன்றையும் பாருங்கள். யோவான் 10-ஆம் அதிகாரத்தில் ‘கொள்ளைக்காரன்’ என்று மொழிபெயர்த்த கிரேக்கச் சொல்லையே, 18-ஆம் அதிகாரத்தில் பரபாஸைச் சொல்லும்போது ‘கள்ளன்’ என்று போட்டிருக்கிறார்கள். வாசிக்கிறவர் பரபாஸை ஏதோ கோழி திருடினவன் என்று நினைத்துக்கொள்வார். மூலத்தில் அது வன்முறையாளனைக் குறிக்கும் சொல்.

ஆனால் விக்டோரியாவில் பர்க்ளரிக்குச் சுவரைத் துளைக்க வேண்டாம், பூட்டை உடைக்க வேண்டாம். 76-ஆம் பிரிவின்படி, திருடவோ, தாக்கவோ, பொருளை நாசம் செய்யவோ எண்ணங்கொண்டு, அனுமதியில்லாமல் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் போதும். திறந்த கதவு வழியாக நுழைந்தாலும் பர்க்ளரிதான். ஒன்றுமே எடுக்காமல் திரும்பினாலும் பர்க்ளரிதான். நுழைந்த கணத்திலேயே குற்றம் முடிந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன்பு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மா என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். மகன்மேல் வழக்கு. இரவில் கூட்டாளிகளோடு ஒரு வீட்டின் திறந்த கராஜுக்குள் போயிருக்கிறான். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். நாய் குரைக்கவும் ஓடிவிட்டார்கள். “சிஸ்டர், இதிலே மோசமான திருட்டுன்னு போட்டிருக்குன்னு சொல்றாங்க. அவன் ஒரு குண்டூசிகூட எடுக்கலையே. எடுக்கத்தான் போனோம், ஆனா எடுக்கலைன்னு ஜட்ஜுகிட்ட உள்ளதைச் சொன்னாப் போதும்தானே?”

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழில் அது தன்னை நியாயப்படுத்தும் வாக்கியம். எடுக்காதவன் எப்படித் திருடன்? விக்டோரியாச் சட்டத்தில் அதுவே முழு ஒப்புதல் வாக்குமூலம். ‘எடுக்கத்தான் போனோம்’ என்பதிலே எண்ணமும் இருக்கிறது, நுழைவும் இருக்கிறது. காகிதத்தில் இருந்த சொல் அக்ரவேட்டட் பர்க்ளரி. அதை ‘மோசமான திருட்டு’ என்றால் யாரையோ அடித்திருக்க வேண்டும், நிறைய எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டும் வேண்டியதில்லை. கையில் ஆயுதம் இருந்தாலும் சரி, உள்ளே ஆள் இருப்பது தெரிந்தோ, இருக்கலாம் என்று தெரிந்தும் பொருட்படுத்தாமலோ நுழைந்தாலும் சரி, பர்க்ளரி 77-ஆம் பிரிவுக்குப் போய்விடும். 10 ஆண்டு 25 ஆண்டாகிறது. நான் அந்த அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, யாரிடமும் இதைப் பேச வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு வக்கீலிடம் மட்டும் பேசுங்கள்.”

இதற்கு நேர் எதிரான சிக்கல் ஒன்றும் உண்டு. விக்டோரியாவில் தெஃப்ட் என்றால், பொருளை உரியவரிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் இருக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் அந்த ‘நிரந்தரமாக’ இல்லை. அலுவலகக் கோப்பை ஒரு நாள் வெளியே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தவரின் வழக்கில், அதுவும் திருட்டுதான் என்று 1962-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அங்கே திருட்டு என்பது இங்கே தெஃப்ட் ஆகாமல் போகலாம். வாகனம் மட்டும் விதிவிலக்கு. அடுத்தவர் காரை அனுமதியில்லாமல் எடுத்து ஓட்டினாலே நிரந்தர எண்ணம் இருந்ததாக விக்டோரியாச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘சும்மா ஒரு ரவுண்டு போனேன்’ என்பது உதவாது.

2016-இல் விக்டோரியா இரண்டு புதிய குற்றங்களைச் சேர்த்தது: கார்ஜாக்கிங், ஹோம் இன்வேஷன். முதலாவதைக் ‘கார் கடத்தல்’ என்று எழுதுகிறார்கள். கடத்தல் என்றதும் தங்கக் கடத்தலும் ஆள் கடத்தலும் நினைவுக்கு வரும். ‘கார் பறிப்பு’ என்றால் வன்முறை தானாகவே விளங்கும். இரண்டாவதை ‘வீட்டு ஆக்கிரமிப்பு’ என்று சொன்னால் ஊரில் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டவர்தான் கண்முன் வருவார். ‘கூட்டாக வீடு புகுதல்’ என்பேன் நான்.

அப்படியானால் என்ன செய்வது? ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று தேடுவதை விட்டுவிடலாம். பர்க்ளரியை பர்க்ளரி என்றே தமிழ் எழுத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதுவோம்: ‘குற்ற எண்ணத்தோடு அனுமதியின்றிக் கட்டடத்துக்குள் நுழைதல், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.’ மருத்துவமனையில் நாங்கள் இதைத்தான் செய்கிறோம். நோயின் பெயரைத் தமிழாக்கிவிட்டால் நோயாளிக்குப் புரிந்துவிடாது. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் புரியும். குடும்பத்தாரை வைத்து மொழிபெயர்க்கக்கூடாது என்பதும் எங்களுக்குச் சொல்லித்தரும் பாடம். மகன் அம்மாவுக்காகச் சொல்லும்போது பயத்தில் பாதியை விழுங்கிவிடுவான். காவல் நிலையத்திலும் அதே மகன், அதே பயம்.

ஆங்கிலம் போதாத ஒருவர் காவலில் இருந்தால், விசாரணை தொடங்கும் முன்பே தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 464டி பிரிவு சொல்கிறது. அது போலீஸ் செய்யும் உபகாரம் இல்லை, நம் உரிமை. ‘கொஞ்சம் கொஞ்சம் இங்கிலீஷ் வரும்’ என்று கௌரவத்துக்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் பால் வாங்கப் போதுமான ஆங்கிலம் வேறு, 76-ஆம் பிரிவுக்குப் பதில் சொல்லும் ஆங்கிலம் வேறு.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபது குற்றப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், ஈழ வழக்கும் தமிழ்நாட்டு வழக்கும் அருகருகே. இப்படி ஒரு சிறிய பட்டியலை நாம் சேர்ந்து தயாரிக்கலாம். சட்டம் தெரிந்தவர்கள் சரிபார்க்கட்டும். நூலகத்திலும் கோயிலிலும் தேவாலயத்திலும் மசூதியிலும் வைக்கலாம். முதல் பக்கத்தில் பர்க்ளரியைப் போடுவோம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.