நம் பெண்மக்களும் அறிவியல் பணிகளும்

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

  

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், கல்விக் குழுவுக்குச் சில நிமிடங்கள் ஒதுக்கப்படுவது வழக்கம். அந்நிமிடங்களில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதலிடம் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை வாசித்துப் பரிசளித்து அமர்ந்துவிடுவோம். இவ்வாண்டும் அதனைச் செய்வோம். ஆயினும் அதற்கு முன்பாக, வரவு செலவுக் கணக்கில் இடம்பெறாத வேறொரு கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இந்த அறிக்கையைத் தயாரிப்பதற்காகக் கல்விக் குழுவின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். பரிசு பெற்றோர் பக்கங்களில் பெண்பிள்ளைகளின் பெயர்களே மிகுதி. கணிதத்தில் முதலிடம், இயற்பியலில் முதலிடம் என்று ஆண்டுக்கு ஆண்டு அவர்களே நிற்கிறார்கள். அடுத்து, தொழிற்கல்விக்கு உதவி பெற்றோர் பக்கம். அங்கே ஆண்பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்க, பெண்பிள்ளைகளின் பெயர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே காணப்படுகின்றன. இறுதியாக, படித்து முடித்துப் பணியில் அமர்ந்தோர் விவரம். அப்பக்கத்தில் பெண்களுக்கென்று ஓர் இடமே ஒதுக்கப்படவில்லை. இதே மேடையில் ஏறிப் பரிசு வாங்கிச் சென்ற அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, அதன் ஒரு பகுதி எங்களிடமே இருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு கல்விக் குழுவிடம் வந்தார். தகப்பனார் சபுரில் இருந்தார். அப்பெண்ணுக்கு அரசு பொறியியல் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் பெரிதன்று, விடுதிச் செலவுக்கே உதவி கேட்டார்கள். இவ்வாண்டு நிதி குறைவு, ஆண்பிள்ளைகளின் விண்ணப்பங்களை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று நாங்கள் விடையளித்தோம். நாங்கள் முடித்தபோது கல்லூரியில் சேரும் கடைசி நாள் கடந்துவிட்டிருந்தது. அந்தப் பிள்ளை வேறொரு படிப்பில் சேர்ந்தார், திருமணமும் ஆயிற்று, அல்ஹம்துலில்லாஹ், நலமாகவே வாழ்கிறார். அவருடைய மகள் இன்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அண்மையில் எங்களைக் கண்டபோது அவர் கேட்டது இதுதான்: “என் மகளுக்கு விண்ணப்பம் தர எப்போது வரவேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், நான் பிந்திவிடக் கூடாது.” அதில் கோபம் இல்லை. ஆனால் அதைக் கேட்ட எங்களால் நிமிர்ந்து பதில் சொல்ல இயலவில்லை. அன்று நடந்தது எங்கள் பிழை என்பதை இந்தப் பொதுக்குழுவின் முன் ஒப்புக்கொள்கிறோம்.

பெரியோர்களே! பெண்கள் பொறியியல் படிப்பது நம் மண்ணுக்குப் புதிய செய்தியன்று. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940ஆம் ஆண்டில் லலிதா என்ற இளம்பெண் சேர்ந்தார். பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். அப்போது அவர் கையில் நான்கு மாதக் குழந்தை. அவருடைய தந்தையார் அதே கல்லூரியில் பேராசிரியர். மகளை வீட்டில் முடங்கவிடாமல் படிக்க வைத்தார். மருத்துவம் பயின்றால் நேரங்கெட்ட நேரத்தில் குழந்தையை விட்டுச் செல்ல நேரிடும் என்பதற்காகவே லலிதா பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். 1943இல் மின்பொறியியலில் பட்டம் பெற்றார். அவருக்குப் பின் தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இருவர் அக்கல்லூரியில் கட்டடப் பொறியியல் படிக்க வந்தனர். பிற்காலத்தில் லலிதா கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் பணியாற்றி, மின்கடத்துப் பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைக்கான பணியிலும் அவருக்குப் பங்குண்டு. தெரசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

அந்தக் கல்லூரியின் பட்டச் சான்றிதழ்களில் ஆண்பாலைக் குறிக்கும் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. பெண்ணொருத்தி பட்டம் பெறுவாள் என்று அச்சடித்தவர்கள் எண்ணியிருக்கவில்லை. ஆகவே அச்சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற்சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது நம் கல்விக் குழுவின் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் இன்றுவரை ‘மாணவன் பெயர்’ என்றும், ‘இன்னாரின் மகன்’ என்றும்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. கிண்டியில் கையால் திருத்தியதை நாம் அதுவும் செய்யாமல் இத்தனை காலம் விட்டுவைத்திருந்தோம்.

நமக்கு இன்னும் அருகிலுள்ள ஓர் உதாரணத்தைக் கூறுகிறோம். சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலம், 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்-1 எனப்படும் ஓரிடம் இருக்கிறது. சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் அங்கே அமைந்திருக்கும் விதத்தால், விண்கலம் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவர இயலும். கிரகணத்தின் மறைப்பு இல்லாமல் சூரியனை இடைவிடாது நோக்க இயலும். ஏழு ஆய்வுக் கருவிகளைச் சுமந்த அக்கலம், 2024 ஜனவரி 6ஆம் நாள் எல்-1ஐ ஒட்டிய தன் சுற்றுப்பாதையை அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்து அதனை நடத்தியவர் நிகர் ஷாஜி அவர்கள்.

அவர் செங்கோட்டையில் ஒரு முஸ்லிம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் ஷேக் மீரான், கணிதம் பயின்றிருந்தும் தம் விருப்பத்தால் வேளாண்மையை மேற்கொண்டவர். மகள் சொந்த ஊர்ப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் பயின்றார். பின்னர் வட இந்தியாவில் மேற்படிப்பு முடித்து, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அந்த நாட்களில் ஒரு முஸ்லிம் பெண்ணை அத்தனை தொலைவு படிக்க அனுப்புவதற்கு அந்தத் தகப்பனார் எத்தனை பேருக்கு விடை சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பணியில் சேர்ந்தது முதல் ஆதித்யா தன் இடத்தை அடைந்தது வரை முப்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. நாம் கொண்டாடுவது அந்த ஒருநாள் வெற்றியை. அதன் பின்னே நிற்பது முப்பத்தாறு ஆண்டுகள் இடையறாது தொடர்ந்த பணி. ஆகவே, பெண்களைப் படிக்க வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் பணியில் நிலைத்திருக்கவும் நாம் துணைநிற்க வேண்டும்.

இதற்கு நாடளாவிய கணக்கும் சான்று கூறுகிறது. மத்திய அரசின் 2020-21ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, அறிவியல் பாடங்களில் பயின்ற 57.2 லட்சம் பேரில் 29.5 லட்சம் பேர் பெண்கள். அதாவது ஆண்களை விடவும் அதிகம். ஆனால் ஆய்வுப் பணிகளில் ஈடுபட்டிருந்தோரில் பெண்களின் பங்கு 2018ஆம் ஆண்டுக் கணக்கில் 16.6 விழுக்காடு மட்டுமே. வகுப்பறையில் பாதிக்கு மேல் இருந்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறார்கள். நம் பதிவேட்டில் நாங்கள் கண்டதும் இதே தேய்வுதான்.

பெண்கள் அறிவியல் பணிக்கு வராவிட்டால் உலகத்திற்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். ஒரு செய்தியைச் சொல்கிறோம். மோட்டார் வாகனங்களின் பாதுகாப்பைச் சோதிக்க, மனித உருவப் பொம்மையை வண்டியில் அமர்த்தி மோதவிட்டுப் பார்ப்பார்கள். பல பத்தாண்டுகளாக அதற்கு முதன்மையாகப் பயன்பட்டது சராசரி ஆணின் உடலளவில் செய்யப்பட்ட பொம்மை. அதே வண்டியில் பயணம் செய்யும் பெண்ணின் உடலமைப்பு உரிய அளவில் கணக்கில் கொள்ளப்படவில்லை. வடிவமைக்கும் மேசையில் பெண்கள் இல்லாதபோது இத்தகைய குறைகள் கண்ணில் படாமலே போகின்றன.

இது நம் மரபுக்கு ஒவ்வாதது என்று கருதும் பெரியவர்களுக்கும் ஒரு வரலாற்றுச் செய்தியைப் பணிவோடு நினைவூட்டுகிறோம். வானத்துக் கோள்களின் உயரத்தை அளந்து, நேரத்தையும் திசையையும் கணிக்க உதவிய கருவி அஸ்தர்லாப். தொழுகை நேரங்களைக் கணிப்பதற்கும் அது பயன்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு நதீம் தொகுத்த அல்-ஃபிஹ்ரிஸ்த் என்ற நூல், அக்கருவியைச் செய்த வல்லுநர்களைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் அலெப்போவின் அமீர் சைஃபுத் தவ்லாவிடம் பணிபுரிந்த ஒரு பெண்ணும் இடம்பெற்றுள்ளார். அவருடைய தந்தையும் அதே தொழிலர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தகப்பனின் தொழிற்கலை மகளின் கைக்குச் சென்றிருக்கிறது. அரசவை அப்பெண்ணுக்குப் பணி தந்திருக்கிறது. மார்க்க விளக்கங்களை ஹஜ்ரத் அவர்கள் நமக்கு எடுத்துரைப்பார்கள். நாங்கள் வரலாற்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

அன்பர்களே! பொருளாதாரம் ஒரு தடையென்றால் அதற்கு வழிகள் உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை, தொழில்நுட்பப் பட்டமும் பட்டயமும் பயிலும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்குவது. ஆண்டு வருமானம் 8 லட்சத்திற்கு மேற்படாத குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு, உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை 2021இல் சட்டமாயிற்று. முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. இவ்வளவும் இருந்தும், கடைசி நாள் எது, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது தெரியாமலே நம் பிள்ளைகள் பலர் இழந்துவிடுகிறார்கள்.

பணத்தை விடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. கைக்கூலி வாங்கக் கூடாது என்று நாம் எத்தனை முறை தீர்மானம் இயற்றினாலும், பெண்பிள்ளை பிறந்தவுடன் நகைக்குச் சேர்க்கத் தொடங்கும் குடும்பங்கள், அவளுடைய படிப்புக்கென்று தனியாக ஒரு தொகை சேர்ப்பதில்லை. சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி அரைநாள் பேசுகிறோம். பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை தொடருமா என்பதை யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. நிகாஹ் முடிந்த பின்னர் அந்தப் பெண் தானாகவே விட்டுவிட்டதாகச் சொல்கிறோம். விட விரும்பும் பெண்ணை யாரும் குறை கூறப்போவதில்லை. அது அவருடைய உரிமை. தொடர விரும்பும் பெண்ணுக்கும் அதே உரிமை வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. குழந்தை பிறந்த பின் சில ஆண்டுகள் இடைவெளி விட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. அவ்வாறு இடைநின்ற பெண் அறிவியலாளர்கள் ஆய்வுக்குத் திரும்புவதற்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதல் திட்டங்கள் வகுத்திருக்கிறது.

எனவே கல்விக் குழு இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு நான்கு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, கல்வி உதவி விண்ணப்பங்கள் இனி வந்த வரிசையிலும் தேவையின் அளவிலும் மட்டுமே பரிசீலிக்கப்படும். ஆண், பெண் என்ற முன்பின் இராது. இரண்டு, கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் விடுதி, கட்டணம் ஆகியவற்றின் கடைசி நாளுக்குள் வழங்குவதற்கென ஒரு தொகை தனியே வைக்கப்படும். மூன்று, பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோர்களை அழைத்துப் பாடப்பிரிவு, கலந்தாய்வு, உதவித்தொகை ஆகியவை பற்றி விளக்கப்படும்; அதில் பேசுவதற்கு, நம் மஹல்லாவில் பிறந்து வெளியூர்களில் பொறியாளர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இருக்கும் பெண்களையே அழைப்போம். நான்கு, ஆண்டுவிழாவில் மதிப்பெண்ணுக்குப் பரிசளிப்பது போலவே, பணியில் அமர்ந்த பெண்களையும், இடைவெளிக்குப் பின் திரும்பியவர்களையும் அவர்தம் பெற்றோருடன் கண்ணியப்படுத்துவோம்.

புதிய விண்ணப்பப் படிவம் அச்சாகி வந்துவிட்டது. அதில் ‘மாணவர் பெயர்’ என்றும் ‘மகன் / மகள்’ என்றும் இருக்கிறது. முதல் படிவத்தை, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அந்தப் பிள்ளையின் வீட்டில் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். இன்னும் காலம் இருக்கிறதே என்றார் அந்தத் தாய். இம்முறை நாங்கள் பிந்திவிடக் கூடாது என்பதற்காகவே முந்தி வந்தோம் என்றோம்.

நம் முயற்சிகளை வல்ல இறைவன் ஏற்றருள்வானாக!