ஃப்யூஷனுக்குப் பிறகும் முதுகு ஏன் வலிக்குது?

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: “ஸ்பைனல் ஃப்யூஷன் பண்ணி ஆறு வருஷம் நல்லாத்தான் இருந்தேன். இப்போ மறுபடியும் வலி. ஆபரேஷன் தோத்துப்போச்சா?”

அவசரப்பட்டு அப்படி முடிவு பண்ண வேண்டாம். கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸுக்கு 2017-ல் கீழ் முதுகின் கடைசி முள்ளெலும்பை அதுக்குக் கீழே இருக்கிற எலும்போட இணைச்சாங்க. 2019-ல் மாஸ்டர்ஸ் பட்டமே ஜெயிச்சார். ஆனா 2025-ல், அந்த இணைப்புக்கு நேர் மேலே இருந்த டிஸ்க்கை எடுத்துட்டு செயற்கை டிஸ்க் வைக்க வேண்டியதாச்சு.

ரெண்டு எலும்பு ஒண்ணாகிட்டா அந்த இடம் அசையாது. ஆனா நாம குனியறதும் திரும்பறதும் நிக்கிறதில்லையே! அந்தப் பாரம் பக்கத்து மூட்டு மேல விழுது. வயசால வர்ற தேய்மானமும் சேர்ந்துக்கும்.

இன்னொரு காரணம், எலும்பு சரியா ஒட்டாமலே இருந்திருக்கலாம். ஸ்க்ரூவும் கம்பியும் எலும்பு ஒட்டுற வரைக்கும் தாங்கிப் பிடிக்கத்தான். ஒட்டலைன்னா நாளடைவில் அவை தளரும், சில சமயம் உடையும்.

அதனால பழைய ஸ்கேனை நம்பி, வலி மாத்திரையிலேயே நாளை ஓட்டாதீங்க. எங்கே வலிக்குது, எப்போ கூடுது, கால் மரத்துப்போகுதான்னு குறிச்சுக்கிட்டு டாக்டரைப் பாருங்க. திடீர்னு கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியலைன்னாலோ, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.