சோற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் மண்டபத்தில், இனிப்பு நீர் என்று நாம் வழங்கும் நீரிழிவு நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உரை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து நின்றார். அவர் கணவர் பால்மரம் சீவுபவர். ஐம்பது வயதைக் கடந்தவர். இனிப்பு நீருக்கு மாத்திரை உட்கொள்பவர். சோற்றை அறவே விட்டுவிட்டால் நோய் பறந்துவிடும் என்று உறவினர் ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறார். அதனை நம்பி அவர் ஒரே நாளில் சோற்றை நிறுத்திவிட்டார். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே உட்கொண்டு வந்தார்.

நான்காம் நாள் விடியற்காலை, இரண்டாவது நிரையை முடிப்பதற்குள் அவருக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, கண் மங்கியது. மரத்தடியில் அமர்ந்துவிட்டார். அவர் தலைவிளக்கு வெகுநேரம் ஒரே இடத்தில் அசையாமல் எரிவதைக் கண்ட அடுத்த நிரைக்காரர் ஓடிவந்து, தம்மிடமிருந்த சீனி கலந்த தேநீரைப் புகட்டியதால் அவர் பிழைத்தார். அந்த அச்சத்தில் மறுநாளே பழையபடி தட்டு நிறையச் சோறு உண்ணத் தொடங்கிவிட்டார். இரத்தத்தில் சர்க்கரையும் பழையபடி ஏறிவிட்டது.

“ஐயா, விட்டாலும் ஆபத்து, உண்டாலும் ஆபத்து என்றால், அவர் எவ்வளவுதான் உண்பது? ஒரு கணக்குச் சொல்லுங்கள்” என்று கேட்டார் அந்தத் தாய்.

நியாயமான கேள்வி. அதற்குரிய விடையே இன்றைய உரை.

மாவுச்சத்து என்பது யாது?

நாம் உண்ணும் சோறு, ரொட்டி, மீகூன், தோசை, சப்பாத்தி, மரவள்ளி, உருளை, சீனி, பழம் ஆகிய அனைத்திலும் மாவுச்சத்தோ சர்க்கரையோ உண்டு. இவை வயிற்றில் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. தசைகள் அதனை எரித்து வேலை செய்கின்றன. இன்சுலின் போதாமலோ, அது சரிவர வேலை செய்யாமலோ போனால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. அதுவே நீரிழிவு. ஆண்டுக்கணக்கில் தேங்கும் சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் கெடுக்கிறது. காலில் உணர்ச்சி குன்றிய ஒருவருக்கு, காலணிக்குள் புகுந்த ஒரு சிறு முள்கூடக் காலையே இழக்கும் நிலையைத் தந்துவிடலாம்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2023ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோரில் நூற்றுக்கு 15.6 பேர், அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர், நீரிழிவு உடையவர். இந்திய வம்சாவளியினரிடையே இந்நோய் மிகுதி என்பதும் நாம் மறைக்கக்கூடாத உண்மை.

எவ்வளவு குறைவு, ‘குறைவு’?

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை என்று பலரும் பேசுகின்றனர். ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதைச் சொல்வோர் சிலரே. மருத்துவ நூலோர் இதனைப் பெரும்பாலும் மூன்று படிகளாகப் பிரிப்பர்.

முதற்படி வழக்கமான உணவு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அதில் பாதி மாவுச்சத்திலிருந்து வருமானால், அது 250 கிராம் ஆகும். இரண்டாம் படி குறைந்த மாவுச்சத்து உணவு; நாளொன்றுக்கு 130 கிராமுக்கும் கீழ். மூன்றாம் படி மிகக் குறைந்த மாவுச்சத்து உணவு; 20 முதல் 50 கிராம் வரை. சோற்றை அறவே விட்ட நம் தோழர், தம்மை அறியாமலே மாவுச்சத்தை ஒரே நாளில் பெருமளவு குறைத்துவிட்டார். அங்கேதான் பிழை நேர்ந்தது.

மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை குறைவதும் எடை குறைவதும் ஆய்வுகளில் கண்ட உண்மையே. முதல் ஆறு மாதங்களில் அதன் பயன் நன்கு தெரிகிறது. ஓராண்டு கழித்துப் பார்க்கும்போது, மற்ற உணவுமுறைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சுருங்கிவிடுகிறது. மிகக் கடுமையான கட்டுப்பாட்டை நெடுநாள் கடைப்பிடிக்கப் பலரால் இயலாமையும் இதற்கு ஒரு காரணம். ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் என்று எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய எண்ணைக் கண்டறிய வேண்டும்.

பாலை அளப்பதுபோல் சோற்றை அளப்போம்

ரப்பர்ப் பாலை எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வாளி நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் பாலில் நூற்றுக்கு எத்தனை பங்கு உலர்ந்த ரப்பர் என்றும் பார்க்கிறார்கள். மற்றது பெரும்பாலும் நீர். உணவும் அப்படியே. 100 கிராம் வெந்த சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம்தான். மற்றதில் பெரும்பகுதி நீர்.

இன்னும் சில அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 15 கிராம். மூன்று கிரீம் கிராக்கர் பிஸ்கட்டுகளிலும் 15 கிராம். இனிப்பூட்டிய டின்பால் ஒரு மேசைக்கரண்டியில் 11 கிராம். மீன், கோழி, முட்டை ஆகியவற்றில் மாவுச்சத்து இல்லை என்றே கூறலாம். கீரையிலும் வெண்டை, கத்தரி, புடலை போன்ற காய்களிலும் மிகச் சொற்பம்.

இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி உண்டால் அளவு பார்க்க வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 60 கிராம் கோதுமை மாவில் செய்த சப்பாத்திகளில் ஏறக்குறைய 43 கிராம் மாவுச்சத்து உண்டு. 150 கிராம் சோற்றிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஜப்பானியர் காலத்தில் நம் முன்னோரைக் காப்பாற்றிய மரவள்ளியோ, எடைக்கு எடை பார்த்தால் சோற்றைவிட மாவுச்சத்து மிகுந்தது. கேழ்வரகும் தவிட்டு அரிசியும் நார்ச்சத்து மிகுந்தவை, நல்லவை. ஆயினும் அவற்றுக்கும் அளவு உண்டு.

கரும்பலகையில் ஒரு கணக்கு

ஆசிரியப் பயிற்சி பெற்ற பழக்கம் நம்மை விடவில்லை. அன்று மண்டபத்திலிருந்த கரும்பலகையில் அத்தோழர் வழக்கமாக உண்பதை எழுதிக் கூட்டினோம்.

காலையில் இரு கரண்டி டின்பால் ஊற்றிய தேநீர், 22 கிராம். பசியாறும்போது நான்கு துண்டு ரொட்டி, 60. மதியம் 300 கிராம் சோறு, 84. மாலையில் மீண்டும் அதே தேநீரும் மூன்று பிஸ்கட்டும், 37. இரவில் 300 கிராம் சோறு, 84. குழம்பிலுள்ள பருப்பு, காய், ஒரு பழம் ஆகியவற்றுக்கு 30. ஆகமொத்தம் 317 கிராம்.

இனி, குறைக்கும் வழியைப் பார்ப்போம். தேநீரில் டின்பாலை நிறுத்தி, சீனியின்றி அருந்தினால் 44 கிராம் குறைகிறது. இருவேளைச் சோற்றையும் 200 கிராமாக்கினால் 56 குறைகிறது. ரொட்டியை இரண்டு துண்டாக்கி, கூடவே ஒரு முட்டை உண்டால் 30 குறைகிறது. பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு சிறு பிடி வேர்க்கடலை கொறித்தால் 10 குறைகிறது. இப்போது கூட்டிப் பாருங்கள். 317 கிராம் 177 ஆகிவிட்டது. சோற்றை விடவில்லை, ஆயினும் 140 கிராம் குறைந்துவிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தேநீரில் ஒளிந்திருந்த டின்பாலிலிருந்து வந்தது!

அந்தத் தாய் கரும்பலகையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சோற்றை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம், ஐயா” என்றார்.

உங்கள் எண்ணை நீங்கள் காண்பது எப்படி?

முதலாவதாக, மூன்று நாள் உண்பதையெல்லாம் மறைக்காமல் எழுதிக் கூட்டுங்கள். கடைத் தராசில் ஒரு முறை சோற்றை நிறுத்துப் பார்த்து, 200 கிராம் கொள்ளும் கிண்ணம் ஒன்றைத் தேர்ந்துகொண்டால், பிறகு நாள்தோறும் நிறுக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, வேலையைக் கவனியுங்கள். நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பாலெடுத்துச் சுமக்கும் நாளில் தசைகள் சர்க்கரையை எரிக்கின்றன. மழை பெய்து வெட்டு இல்லாத நாளிலோ நாம் வீட்டில் அமர்ந்திருக்கிறோம். ஆனால் தட்டில் சோறு குறைவதில்லை. வேலை நாளுக்கு ஓர் அளவும், மழை நாளுக்கு அதனினும் சற்றுக் குறைந்த அளவும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

மூன்றாவதாக, படிப்படியாகக் குறையுங்கள். முதல் வாரம் டின்பால்; அடுத்த வாரம் இரவுச் சோறு; அதன்பின் மற்றவை.

நான்காவதாக, உடல் தரும் விடையைக் கேளுங்கள். விரல்நுனியில் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால், உண்பதற்கு முன்னும் உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சோதியுங்கள். பொதுவாக நீரிழிவு உடையவருக்கு உண்ணும் முன் 4.4 முதல் 7.0 வரையிலும், உண்டபின் 8.5க்கு மேற்படாமலும் இருப்பது இலக்கு. முதியோருக்கும் வேறு நோய் உடையோருக்கும் மருத்துவர் வேறு இலக்கு வகுக்கலாம். உண்டபின் எண் மிகுந்தால் அவ்வேளையின் அளவு உங்களுக்கு அதிகம் என்று பொருள். இலக்குக்குள் நின்று, வேலைக்குத் தெம்பும் இருந்தால், அதுவே உங்கள் எண். அது 177ஆக இருக்கலாம், 200ஆகவும் இருக்கலாம், சிலருக்கு 130ஆகவும் இருக்கலாம்.

கட்டாயம் கேட்க வேண்டிய எச்சரிக்கை

இன்சுலின் ஊசி போடுவோரும், கணையத்தை உந்தி இன்சுலின் சுரக்கச் செய்யும் கிளிபென்கிளமைட், கிளிக்லசைடு போன்ற மாத்திரை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைக்கலாகாது. மருந்து பழைய அளவிலும் உணவு புதிய அளவிலும் இருந்தால், சர்க்கரை 4க்குக் கீழே விழுந்து மயக்கம் வரும். அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. இத்தகைய மாத்திரையை உட்கொண்டுவிட்டு, உண்ணாமல் பெரட்டுக்குச் செல்வது பெருந்தவறு. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரை உட்கொள்வோர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், இரத்தத்தில் அமிலம் மிகும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகளும், குழந்தைகளும், சிறுநீரகம் பழுதுற்றோரும் இம்முறையைத் தாமாக மேற்கொள்ளக் கூடாது.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்கல் ஆகியவை தோன்றினால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உடனே அமருங்கள். மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒரு முறை குடியுங்கள். தெளிந்தபின் சிறிது உணவு உண்ணுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தட்டிலேயே ஒரு பாடம்

எண்ணும் எழுத்தும் கடினம் என்போருக்குச் சுகாதார அமைச்சு எளிய வழி ஒன்றைக் காட்டியுள்ளது. ‘சுகு சுகு செபாரோ’ என்பது அதன் பெயர். கால், கால், அரை என்பது பொருள். தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் முக்கால் தட்டு சோறாகவும், ஓரத்தில் ஒரு கரண்டிக் காயாகவும் இருப்பதை மாற்றினாலே பாதி வெற்றி கிட்டிவிடும். முருங்கையும் கீரையும் வெண்டையும் வீட்டைச் சுற்றி வளர்த்தால் காசும் மிச்சம்.

அந்தத் தாயும் அவர் கணவரும் மறுவாரமே அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்றனர். அங்கே குடிமக்கள் செலுத்தும் கட்டணம் ஒரு வெள்ளிதான். மருத்துவர் அவர்கள் எழுதிக் கொண்டுசென்ற கணக்கைப் பார்த்து, மாத்திரையின் அளவைக் குறைத்து, உணவின் அளவையும் வகுத்துக் கொடுத்தார். அண்மையில் அத்தோட்டத்துக்கு நாம் மீண்டும் சென்றபோது அவரைக் கண்டோம். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு சீனிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். “இது மயக்கம் வந்தால் மட்டும், ஐயா. தேநீருக்கு இல்லை” என்று சிரித்தார்.

தோழர்களே, சோறு நமக்குப் பகையன்று, அளவின்மையே பகை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. அளவுக்குக் குறைந்தாலும் ஆபத்து என்பதை இன்று சேர்த்துக்கொள்வோம். இன்றிரவே ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து, உங்கள் வீட்டின் கணக்கை எழுதத் தொடங்குங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது அந்தத் தாளையும் உடன் கொண்டு செல்லுங்கள்.