மலைக்கு எந்தப் பக்கம்?



நான் வேலை பார்ப்பது ஜெர்மனியில். அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் பலரும் வெயிலைத் தேடி ஸ்பெயின் நாட்டின் டெனெரீஃப் தீவுக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்கே தங்கலாம் என்றதும் ஓட்டல் படங்களைப் புரட்டுவார்கள். நான் சொல்வது, முதலில் மலையைப் பாருங்க!

தீவின் நடுவே 3,715 மீட்டர் உயரத்தில் தெய்தே எரிமலை நிற்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று கடல் ஈரத்தோடு மலையில் மோதுகிறது. அதனால் வடக்கே மேகம், பசுமை, வாழைத் தோட்டங்கள். தெற்கே மழை மறைவுப் பகுதி. வறண்ட மண், நல்ல வெயில். நாம் பள்ளியில் படித்த பூகோளம்தான்!

இந்த மேகம் சாதாரணமானதல்ல. 1977 மார்ச் 27 அன்று வடக்கு விமான நிலையத்தில் மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். தெற்கு விமான நிலையம் 1978-இல் திறக்கப்பட்டது.

எங்க அம்மாவுக்கு மூட்டுவலி. கையில் இருந்ததோ ஐந்து நாள் லீவு. ஆகவே தெற்கே லோஸ் கிறிஸ்தியானோஸ் ஊரைத் தேர்ந்தெடுத்தோம். கடலோர நடைபாதை சமதளம். அம்மா தினமும் வெயிலில் நிதானமாக நடந்தார். செடிகொடிகளில் ஆசை உள்ளவர்கள் வடக்கே புவர்த்தோ தெ லா குரூஸ் போகலாம். 1788-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா அங்கே இருக்கிறது.

தம்பிகளா, தங்கைகளா, யாருக்காகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து மலைக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஓட்டல் அப்புறம்தான்.