பள்ளத்தை நிரப்புவோம்

(திருவருகைக் காலம் இரண்டாம் ஞாயிறு, 8.12.2024 - வானொலிச் சிந்தனை)



இன்று கோவிலில் திருவருகைக் கால வளையத்தின் இரண்டாவது மெழுகுதிரியை ஏற்றுகிறோம். முதல் திரி ஏற்றப்பட்டதை நம்மில் பலர் பார்க்கவே இல்லை. நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், மேலே செல்லாமல் நம் ஊர்ப் பக்கமே நின்றுவிட்டது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. விடிந்தால் ஞாயிறு; ஆனால் சாரத்தில் பலருக்கு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.

அந்த இரவை நினைத்துப் பார்ப்போம். கரண்ட் இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. எப்போதும் ஆளுக்கொரு மூலையில் இருக்கும் நாம், ஒரே ஒரு மெழுகுதிரியைச் சுற்றி உட்கார்ந்தோம். பாட்டி 2011-இல் வந்த தானே புயலைப் பற்றிச் சொல்ல, பேரப்பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். ஜெபமாலை சொன்னோம். இருந்த மாவில் அம்மா சுட்ட தோசையைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். பயம் இருந்தது, ஆனால் குடும்பம் என்றால் என்ன என்பதும் அன்றுதான் தெரிந்தது.

கரண்ட் வந்தது. திரியை அணைத்தோம். மறுபடியும் ஆளுக்கொரு மூலை!

அன்பார்ந்தவர்களே, அதே இரவில் தாழ்வான தெருக்களில் இருந்தவர்களுக்குச் சுற்றி உட்காரக்கூட இடமில்லை. கிருஷ்ணா நகரில் இராணுவத்தினர் வந்து மக்களைப் படகில் மீட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் பார்த்தால், மதில்மேல் நனைந்த மெத்தை, வெயிலில் விரித்த பள்ளிப் புத்தகம், ஒன்றோடொன்று ஒட்டிப்போன கல்யாண ஆல்பம். பிள்ளைகள் பிரான்சில் இருக்க, தனியாகச் சேறு வாரும் முதியவர்களையும் பார்க்கிறோம். நமக்கு மேல்மாடி இருந்தது, அவர்களுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவான், ஆண்டவருக்காக வழியை ஆயத்தம் செய்யச் சொல்கிறார். பள்ளங்கள் நிரப்பப்பட வேண்டும் என்கிறார். எது பள்ளம் என்று இவ்வாண்டு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீரே தெருத்தெருவாகக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. அதை எதைக் கொண்டு நிரப்பப் போகிறோம் என்பதே கேள்வி.

புயல் நிவாரணமாகக் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் என்று நம் அரசு அறிவித்துள்ளது. தண்ணீர் புகாத வீட்டுக்கும் அது வரும். வாங்குவதில் தவறில்லை. ஆனால் நம் வீட்டுத் தரை நனையவில்லை என்றால், அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய வீடு வேறு எங்கோ இருக்கிறது. ஸ்டாரும் குடிலும் இவ்வாண்டு கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும். பணம் கொடுக்க இயலாதவர்கள் ஒரு துடைப்பத்தோடு போகலாம். ஒரு வேளைச் சோறு கொண்டு போகலாம்.

நம் பேராலயத்தின் பாதுகாவலியான அமலோற்பவ அன்னையின் பெருவிழாவை இந்நாட்களில் கொண்டாடுகிறோம். இறைவனின் செய்தியைக் கேட்டதும் அந்த அன்னை வீட்டில் இருந்துவிடவில்லை. உறவினரான எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்கு விரைந்தார். மூன்று மாதம் அவரோடு தங்கினார். நாம் மலை ஏற வேண்டியதில்லை. மாடிப்படி இறங்கினால் போதும்.

இன்றிரவு ஒரு பத்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுதிரியைச் சுற்றிக் குடும்பமாக உட்காருவோம். யார் வீட்டுக்கு நாளை போவது என்று பேசி முடிவு செய்வோம். அந்த வீட்டு வாசலில் ஆண்டவர் நமக்காகக் காத்திருப்பார். ஆமென்.